நாலு நிமிடச் சுருள்: அமெச்சூர் சினிமா என்றால் என்ன?

டூரிங் டாக்கீஸ் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஆபரேட்டர் வெட்டிப்போட்ட பிலிம் துண்டுகளைப் பொறுக்கி வருவார்கள். பியூஸ் போன குண்டு பல்பைப் பக்குவமாகத் திறந்து உள்ளே தண்ணீர் ஊற்றினால் லென்ஸ் தயார். ஒருவன் வெளியே நின்று முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து இருட்டறைக்குள் அனுப்புவான். உள்ளே வேட்டித் திரையில் எம்.ஜி.ஆர். கத்தியை ஓங்கியபடி அசையாமல் நிற்பார். அந்தத் துண்டைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள், ஒரு படத்துக்குப் பக்கத்துக்கு நான்கு. 35 மி.மீ. பிலிம். சினிமாத் தொழிலின் அளவு அதுதான்.

இங்கே நாம் பார்க்கப்போவது அதைவிட ஒல்லியான பிலிம்களை. 16 மி.மீ., 9.5 மி.மீ., 8 மி.மீ. இவற்றில் படம் எடுத்தவர்கள் ஸ்டூடியோக்காரர்கள் அல்ல. டாக்டர், வக்கீல், கடைக்காரர், பள்ளி ஆசிரியை, கல்லூரி மாணவன் என்று வேறு வேலை பார்த்தவர்கள். சொந்தக் காசில் பிலிம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து, வீட்டுச் சுவரிலோ ஒரு சங்கத்தின் கூடத்திலோ ஓட்டிப் பார்த்தார்கள். இதைத்தான் அமெச்சூர் சினிமா என்கிறோம். 1920கள் முதல் 1960கள் வரை இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரிய அளவில் நடந்தது. சினிமா வரலாற்றுப் புத்தகங்கள் பலவற்றில் இதற்கு ஒரு பத்திகூடக் கிடைக்காது.

முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் சரிசெய்துவிடலாம். ‘அமெச்சூர்த்தனமா இருக்கு’ என்று சொன்னால் இன்று அது திட்டு. ஆனால் தமிழில் அந்தச் சொல் நாடகத்தின் வழியாக வந்தபோது அப்படி இல்லை. 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை ஓர் அமெச்சூர் குழு. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சம்பளம் வாங்காமல் வேஷம் கட்டினார்கள். வயிற்றுப் பிழைப்புக்காக நடிக்கவில்லை என்பதுதான் அங்கே ‘அமெச்சூர்’ என்பதன் பொருள். நடிப்பு மட்டம் என்று பொருள் இல்லை. சொல்லின் வேரும் லத்தீனில் ‘நேசிப்பது’ என்பதுதான். சினிமா விஷயத்திலும் அதே அர்த்தத்தை வைத்துக்கொண்டால் மேற்கொண்டு படிப்பது சுலபம்.

சரி, இவர்கள் ஏன் 35 மி.மீ. பிலிமிலேயே எடுக்கவில்லை? பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நெருப்பு. அந்தக் காலத்து 35 மி.மீ. பிலிம் நைட்ரேட்டால் ஆனது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். தியேட்டர்களில் புரொஜெக்டருக்கு என்று தீப்பிடிக்காத தனி அறை கட்டியதற்கும், பிரிட்டனில் 1909இல் சினிமாவுக்கென்று ஒரு சட்டம் வந்ததற்கும் இந்தப் பயம்தான் காரணம். அப்படிப்பட்ட பொருளைக் கூடத்தில் குழந்தைகளுக்கு நடுவே சூடான விளக்குக்கு முன்னால் ஓட்ட முடியுமா?

முயன்றவர்கள் இருந்தார்கள். 1898இலேயே லண்டனில் பர்ட் ஏக்கர்ஸ் என்பவர் 35 மி.மீ. பிலிமை நெடுக்காக இரண்டாகக் கிழித்து, 17.5 மி.மீ. அகலத்தில் ஓடும் வீட்டுக் கேமரா ஒன்றை விற்றார். ஒரே கருவி கேமராவும் புரொஜெக்டரும். ஆனால் பிலிம் அதே நைட்ரேட். 1912இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் பிலிமை 28 மி.மீ. அகலத்தில் கொண்டுவந்தது. மின்சாரம் இல்லாத வீடுகளுக்காக, புரொஜெக்டரின் கைப்பிடியைச் சுற்றும்போதே உள்ளே டைனமோவும் சுற்றி விளக்கு எரியும்படி செய்திருந்தார்கள். நல்ல யோசனை. ஆனாலும் அது பணக்காரர்களின் பொம்மையாகவே இருந்தது.

நிலைமை மாறியது 1922, 1923 என்ற இரண்டே ஆண்டுகளில்.

1922 கிறிஸ்துமஸ் சமயத்தில் பாத்தே நிறுவனம் ‘பாத்தே பேபி’ என்ற குட்டிப் புரொஜெக்டரை விற்பனைக்கு விட்டது. அடுத்த ஆண்டே கையடக்கக் கேமராவும் வந்தது. பிலிமின் அகலம் 9.5 மி.மீ. எல்லா பிலிம்களிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், இதன் சாமர்த்தியத்துக்காக. மற்ற பிலிம்களில் துளைகள் ஓரத்தில் இருக்கும், அதனால் ஓரம் வீணாகும். பாத்தேகாரர்கள் துளையை நடுவில் வைத்தார்கள், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஒரே ஒரு துளை. ஓரம் முழுக்கப் படத்துக்கே கிடைத்தது. பிலிம் 9.5 மி.மீ.தான் என்றாலும் படம் ஏறக்குறைய 16 மி.மீ. பிலிமின் படத்தோடு போட்டி போடும் அளவுக்கு இருந்தது.

இன்னொரு தந்திரமும் செய்தார்கள். அது பேசாப் படக் காலம். வசன அட்டையைத் திரையில் ஐந்து விநாடி காட்ட, நொடிக்கு 16 படம் என்ற கணக்கில் 80 படங்கள் பிடிக்கும். அவ்வளவு பிலிம் வீண். அதனால் அட்டையை ஓரிரு படங்களில் மட்டும் அச்சிட்டு, பக்கத்தில் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்தார்கள். புரொஜெக்டர் அந்த வெட்டைத் தடவிப் பார்த்ததும் பிலிமை அங்கேயே நிறுத்திக்கொள்ளும். படித்து முடிக்கும் நேரம் கழித்து மறுபடி நகரும். பிலிம் எரியாத வகை என்பதால்தான் விளக்குக்கு முன்னால் இப்படி நிறுத்திவைக்க முடிந்தது. குறையும் உண்டு. பிலிமை இழுக்கும் நகம் துளையைத் தவறவிட்டால் ஓரம் கிழியாது, படமே நடுவில் கிழியும்.

பாத்தே நிறுவனம் பெரிய படங்களைச் சுருக்கி 9.5 மி.மீ.யில் வீட்டு உபயோகத்துக்கும் விற்றது. 1950களில் கெவின் பிரௌன்லோ என்ற லண்டன் பள்ளிச் சிறுவனுக்கு அப்படிச் சில சுருள்கள் கிடைத்தன. ஆபெல் கான்ஸ் 1927இல் எடுத்த ‘நெப்போலியன்’ படத்தின் துண்டுகள். பையன் மிச்சத்தையும் தேட ஆரம்பித்தான். அந்தத் தேடல்தான் கடைசியில் அந்தப் படத்தையே மீட்டெடுத்து 1980இல் லண்டனில் திரையிடும் வரை போனது. நடுவில், 18 வயதில், அவரே ஒரு நண்பருடன் சேர்ந்து முழுநீளப் படம் ஒன்றை அமெச்சூராக எடுக்கத் தொடங்கினார். முடிக்க எட்டு ஆண்டு பிடித்தது.

1923இல் கோடக் நிறுவனம் 16 மி.மீ. பிலிமைக் கொண்டுவந்தது. ஏன் 16? முப்பத்தைந்தில் பாதி 17.5 அல்லவா? அதனால்தான் 16. பதினேழரை என்று வைத்தால் யாராவது 35 மி.மீ. நைட்ரேட் பிலிமைப் பாதியாகக் கிழித்து வீட்டுப் புரொஜெக்டரில் மாட்டிவிடலாம். பதினாறில் அது நுழையாது. அளவிலேயே பாதுகாப்பை வைத்துவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் பிலிமைக் கழுவும் முறையில் இருந்தது. வழக்கமாகக் கேமராவில் ஓடுவது நெகட்டிவ். அதிலிருந்து இன்னொரு பிலிமில் பிரிண்ட் போட வேண்டும், இரட்டைச் செலவு. கோடக்கின் ‘ரிவர்சல்’ முறையில் கேமராவில் ஓடிய அதே பிலிம்தான் திரையிலும் ஓடும். கழுவும்போது முதலில் நெகட்டிவ் உருவாகும், அதை ரசாயனத்தால் கரைத்துவிட்டு, மிச்சமிருக்கும் பகுதிக்கு மறுபடி வெளிச்சம் காட்டிக் கழுவினால் பாசிட்டிவ் கிடைக்கும். கழுவும் கூலி பிலிம் விலையிலேயே அடக்கம். சுருளைத் தபாலில் அனுப்பினால் படமாகத் திரும்பி வரும். இதில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: நெகட்டிவ் என்று எதுவும் மிஞ்சாது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு பிரதி. அது கீறினால் கீறியதுதான், தொலைந்தால் தொலைந்ததுதான்.

விலை? கேமரா, முக்காலி, புரொஜெக்டர், திரை, ஒட்டும் கருவி எல்லாம் சேர்த்து 335 டாலர். அதே ஆண்டில் ஒரு ஃபோர்டு மாடல் டி காரை அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஆக, சாமானியர் கைக்கு அது இன்னும் வரவில்லை.

வந்தது 1932இல். பொருளாதார மந்தத்தின் நடுவே கோடக் 8 மி.மீ. முறையை அறிமுகம் செய்தது. கேமரா விலை 29.50 டாலர். இந்த முறை கொஞ்சம் வேடிக்கையானது. கேமராவுக்குள் போவது 16 மி.மீ. அகலமுள்ள 25 அடிச் சுருள்தான். ஆனால் ஒரு தடவை ஓடும்போது அதன் பாதி அகலத்தில் மட்டும் படம் பதியும். சுருள் முடிந்ததும் கேமராவைத் திறந்து, திருப்பிப் போட்டு, மறுபாதியில் எடுக்க வேண்டும். தோசையைத் திருப்பிப் போடுவது போலத்தான். கழுவிய பிறகு லேபில் அதை நெடுக்காகக் கிழித்து, இரண்டு பாதிகளையும் ஒட்டி 50 அடிச் சுருளாக அனுப்புவார்கள். ஏற்கெனவே இரண்டு பக்கமும் ஓடிய சுருளை மறந்துபோய் இன்னொரு முறை மாட்டியவர் கதி அதோகதி. கல்யாண விருந்தின் மேல் கடற்கரை அலை அடிக்கும்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். 16 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 40 படங்கள். நூறு அடிச் சுருளில் 4,000. 8 மி.மீ.யில் ஓர் அடிக்கு 80, ஐம்பது அடியில் அதுவும் 4,000. நொடிக்கு 16 படம் என்று ஓடினால் 250 விநாடி. நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். அமெச்சூர் சினிமாவைப் புரிந்துகொள்ள இந்த நாலு நிமிடக் கணக்கு ஒன்றே போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு பண்டிகைக்கோ ஒரு விடுமுறைக்கோ ஒரு சுருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு நிமிடத்துக்குள் தாத்தா வர வேண்டும், குழந்தை நடக்க வேண்டும், புதுக் காரைக் காட்ட வேண்டும், கடலும் வர வேண்டும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு விநாடி. கேமராவின் மோட்டாரும் கடிகாரம் மாதிரி சாவி கொடுத்து ஓடுவது. ஒரு சாவிக்கு ஏறக்குறைய அரை நிமிடம்தான் தாங்கும், அப்புறம் நின்றுவிடும். சண்டையையும் சலிப்பையும் யாரும் பிலிமில் வீணாக்குவதில்லை. பழைய குடும்பப் படங்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டும் கையசைத்துக்கொண்டும் இருப்பதற்கு இதுதான் காரணம். அந்தக் காலத்தில் மனிதர்கள் சந்தோஷமாக இருந்தார்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சத்தமும் இல்லை. பிலிமின் ஓரத்தில் காந்தப் பட்டை பூசி ஒலி சேர்ப்பது 1950களில்தான் வந்தது. அதற்குப் பிறகும் பெரும்பாலான வீட்டுப் படங்கள் ஊமைதான்.

பழைய படங்களில் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவது ஏன் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. நொடிக்கு 16 என்று எடுத்ததை 24 என்ற வேகத்தில் ஓட்டினால் நடப்பதெல்லாம் ஒன்றரை மடங்கு வேகமாகும். எடுத்தவர் மேல் தப்பில்லை, ஓட்டுகிறவர் மேல்தான்.

வண்ணத்தில் மட்டும் அமெச்சூர்கள் தொழில்காரர்களை முந்தினார்கள். 1935இல் கோடாகுரோம் என்ற வண்ண பிலிம் 16 மி.மீ.யில் வந்தது, அடுத்த ஆண்டு 8 மி.மீ.யிலும். அதைக் கண்டுபிடித்த லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கோடவ்ஸ்கி இருவருமே தொழில்முறை இசைக்கலைஞர்கள். தியேட்டர்களில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஓடிக்கொண்டிருந்த காலத்தில், சாதாரணக் கேமராவில் சாதாரண வெயிலில் எடுத்த குடும்பப் படம் வண்ணத்தில் வந்தது. இரண்டாம் உலகப் போர் என்றதும் நமக்குக் கறுப்பு வெள்ளைதான் கண்ணில் நிற்கிறது. செய்திப்படங்களால் வந்த பழக்கம் அது. அந்த ஆண்டுகளில் எடுத்த வீட்டுச் சுருள் ஒன்றைப் பார்த்தால் சிவப்பு ஸ்வெட்டர் சிவப்பாகவே இருக்கும்.

குடும்பப் படத்தோடு நிற்காதவர்களும் நிறையப் பேர். அவர்களுக்காகச் சங்கங்கள் தோன்றின. 1926இல் நியூயார்க்கில் ‘அமெச்சூர் சினிமா லீக்’ தொடங்கியது. தொடங்கியவர் ஹைராம் பெர்சி மாக்சிம். இவருடைய அப்பா மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். மகன் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்சரைக் கண்டுபிடித்தார். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசிக்கொண்டிருப்பார்களோ! அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு 1914இலேயே ஒரு சங்கம் அமைத்தவர் என்பதால், பொழுதுபோக்குக்காரர்களை ஒன்றுசேர்க்கும் வித்தை அவருக்கு அத்துபடி. லீக் ஒரு மாதப் பத்திரிகை நடத்தியது. 1930 முதல் ஆண்டுதோறும் சிறந்த பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டனில் 1932இல் அமெச்சூர் ஒளிப்பதிவாளர்களுக்கு ஒரு கழகம் வந்தது, 1934இல் ஒரு பத்திரிகையும் வந்தது.

இந்தப் பத்திரிகைகளின் அறிவுரைகள் இன்று செல்போனில் வீடியோ எடுப்பவர்களுக்கும் பொருந்தும். செடிக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி கேமராவை இங்கும் அங்கும் ஆட்டாதே. முக்காலி வை. முகத்துக்கு அருகே போ. எடுத்ததை எல்லாம் காட்டாதே, வெட்டு. விருந்துக்கு வந்தவர்களை உட்காரவைத்து வெட்டாத சுருளைக் காட்டும் கொடுமை அன்றே இருந்திருக்கிறது.

அமெச்சூர் மேடையிலிருந்து கலைஞர்களும் வந்தார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஓவியக் கல்லூரி மாணவர் நார்மன் மெக்லாரன் தொடக்கத்தில் கேமராகூட இல்லாதவர். தேய்ந்துபோன பழைய 35 மி.மீ. பிரிண்ட் ஒன்றைக் கழுவிப் படத்தையெல்லாம் போக்கிவிட்டு, வெற்றுப் பிலிமின் மேல் நேரடியாக வர்ணம் தீட்டி ஓட்டிப் பார்த்தார். பிறகு அவர் எடுத்த படங்களை ஸ்காட்லாந்து அமெச்சூர் திரைப்பட விழாவில் நடுவராக இருந்து பார்த்த ஆவணப்பட முன்னோடி ஜான் கிரியர்சன், லண்டனில் தபால் துறையின் படப்பிரிவுக்கு அழைத்துக்கொண்டார். அங்கிருந்து கனடா தேசியத் திரைப்பட வாரியம், அப்புறம் 1952இல் எடுத்த படத்துக்கு ஆஸ்கர். தொழில்காரராகி எவ்வளவோ ஆண்டுக்குப் பிறகும் அவர் பிலிமின் மேல் நேரடியாக வரைவதை விடவில்லை.

மாயா டெரன் இதற்கு நேர் எதிர். தொழிலுக்குள் போக விரும்பாதவர். 1943இல், ஹாலிவுட்டின் வாசலிலேயே, லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் கணவர் அலெக்சாண்டர் ஹாமிடோடு சேர்ந்து 14 நிமிடப் படம் ஒன்றை எடுத்தார். கருவி பழைய 16 மி.மீ. போலெக்ஸ் கேமரா. நடிகர்கள் அவர்கள் இருவரே. செலவு 300 டாலருக்குள். ஒரு சாவி, ஒரு கத்தி, முகத்துக்குப் பதில் கண்ணாடி வைத்த ஓர் உருவம், திரும்பத் திரும்ப வரும் ஒரே மாடிப்படி. அமெரிக்கச் சோதனைப் படங்களின் வரலாறு பேசும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. பின்னாளில் அவர் அமெச்சூர்களுக்காக எழுதியபோது வலியுறுத்தியது ஒன்றுதான்: பெரிய கேமரா இல்லை, பெரிய ஆள்படை இல்லை என்று ஏங்காதே, உன்னிடம் இருப்பது சுதந்திரம். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கேமரா யார் கையில் இருந்ததோ அவர்கள் பார்த்ததுதான் பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் 1920கள் முதல் 1940கள் வரை கேமரா வைத்திருந்தவர்களில் பிரிட்டிஷ் குடும்பங்கள் நிறைய. அவர்கள் எடுத்த சுருள்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இப்படிப்பட்ட சுருள்களில் நடுவில் துரையும் துரைசானியும் இருப்பார்கள். நம்மவர்கள் ஓரத்தில், தட்டு ஏந்தியபடி, குழந்தையைத் தூக்கியபடி. அந்த ஓரத்துக்காகவே நாம் அவற்றைப் பார்க்க வேண்டும்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. போர்க்காலத்தில் அமெரிக்க அரசு சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. அவர்களிடமிருந்து கேமராக்களைப் பறித்துவிட்டார்கள். யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் இருந்த டேவ் தட்சுனோ, 8 மி.மீ. கேமரா ஒன்றை ரகசியமாக உள்ளே வரவழைத்து, 1943 முதல் 1945 வரை அன்றாட வாழ்க்கையை வண்ணத்தில் எடுத்தார். எடுத்தது குடும்பப் படம்தான். ஆனால் முள்வேலிக்குள் எடுத்த குடும்பப் படம். 1996இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அதே பதிவேட்டில் இன்னொரு 8 மி.மீ. சுருள் ஏறியிருந்தது. 1963 நவம்பர் 22 அன்று டல்லஸ் நகரில் ஆபிரகாம் சப்ரூடர் என்ற ஆடை வியாபாரி அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் ஊர்வலத்தையும், அதில் கென்னடி சுடப்பட்டதையும் எடுத்த 26 விநாடிப் படம். நல்ல இடமாகப் பார்த்து நின்று எடுக்கலாம் என்று போன மனிதர் அவர், அவ்வளவுதான்.

1965இல் சூப்பர் 8 வந்தது. பிளாஸ்டிக் பெட்டியைக் கேமராவுக்குள் தள்ளினால் போதும், மாட்டவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். அதற்குப் பின் வீடியோ. அது வேறு கதை.

உங்கள் வீட்டுப் பரணிலோ, வெளிநாட்டில் இருந்த பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியிலோ ஒரு சின்னச் சுருள் கிடைக்கலாம். 16 மி.மீ.யோ 8 மி.மீ.யோ என்றால் நெருப்புப் பயம் வேண்டாம், இவை அசிடேட். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், தாமதிக்காமல் டிஜிட்டலாக மாற்றிவிடுங்கள். எங்காவது பழைய புரொஜெக்டர் கிடைத்தது என்று அதில் மாட்டி ஓட்டாதீர்கள். சுருங்கிப்போன பிலிம் கிழியும், நெகட்டிவ் கிடையாது என்று முன்பே பார்த்தோம். கழுவாத கோடாகுரோம் என்றால் வண்ணத்தை மறந்துவிட வேண்டியதுதான், அதைக் கழுவும் கடைசி லேபும் 2010 முடிவோடு நிறுத்திக்கொண்டது.

எல்லாம் நல்லபடியாக முடிந்து படம் ஓடத் தொடங்கினால், 8 மி.மீ. சுருளில் சரியாக நடுவில், இரண்டு நிமிடம் கழிந்ததும், சில விநாடிகள் வெளிச்சம் பாய்ந்து திரை வெளுத்துப்போகும். பிலிம் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பெரியப்பா ஒரு மர நிழலில் ஒதுங்கி, கேமராவைத் திறந்து, சுருளைத் திருப்பிப் போட்ட இடம் அது.